இரத்த வகை

வேலைக்குச் சேர்ந்த அன்று
மாங்குளம் அலுவலகத்தில் என்னிடம் கேட்டது
இரத்த வகை.
பி பொசிட்டிவ் என்றேன்.
எழுதி நெஞ்சுக் கவசத்தில் ஒட்டித் தந்தார்கள்.
வீட்டில் கேட்டுவிட்டு வா என்று
ஒருத்தரும் சொல்லவில்லை.

ஒன்பது வருசம்.
விடிய நாலு மணிக்குப் புட்டு அவித்து
ஐந்தே காலுக்குச் சந்தியில் வானுக்கு நின்று
ஒரு மீற்றர் அகலத்தில் முழந்தாளிட்டு
மண்ணைச் சுரண்டியிருக்கிறேன்.
கருவி கத்தினால்
ஆணியோ, மீன் ரின் மூடியோ,
கண்ணிவெடி என்றே எண்ண வேண்டும்.
நித்திரைப் பிள்ளையின் காதில்
அழுக்கெடுப்பது மாதிரிக் கிட்டப் போகவேண்டும்.
நூற்றுப் பதினேழு எடுத்திருக்கிறேன்.
மூடிகள், காப்புத் துண்டுகள், ஒரு கரண்டி
எண்ணவில்லை.

அவ்வளவு காலமும்
மாமி கேட்ட ஒரே கேள்வி,
"சம்பளம் ஏழாம் திகதி வருமோ?"

போன மாசியில்
குழுத் தலைவர் இடம் வெறுமையாச்சு.
பன்னிரண்டு பேருக்குப் பொறுப்பு,
அதில் ஏழு பேர் ஆம்பிளையள்.
வரைபடம், வோக்கிடோக்கி, மோட்டச்சைக்கிள்,
கிழமையில் இரண்டு இரவு முகாமில் தங்கல்.
அதிகாரி என் பேரை முதலில் எழுதிவிட்டு
பேனையை மூடாமல் சொன்னார்,
"வீட்டில ஒருக்காக் கேட்டிட்டுச் சொல்லுங்கோ, தங்கச்சி."

கேட்டேன்.

மாமி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தா.
"ஆம்பிளையளுக்கு ஓடர் போட்டுப் பழகினா
பிறகு வீட்ட வந்து என்ன செய்வாய்?"
தம்பி கனடாவிலிருந்து எடுத்தான்.
"இரவு தங்கிறதெண்டா வேண்டாம் அக்கா.
உன்ர பெட்டையும் வளருது."
யோகநாதன், என்ர மனிசன், நல்லவர்.
அறுவடை மிசினின் பட்டியைக் கழற்றியபடி
"எனக்கொண்டுமில்லை, சனம்தான்" என்றார்.

சனம் எந்த ஆழத்தில் இருக்கிறது என்று
எந்தக் கருவியும் காட்டாது.

கால் போகலாம்.
அதற்கு எல்லாரும் சம்மதம்.
ஒரு காலுக்கு எவ்வளவு, இரண்டுக்கு எவ்வளவு என்று
காப்புறுதிப் படிவத்தை வாசித்து
சாட்சிக் கையெழுத்து வைத்தவரும் அவர்தான்.
பொழுதுபட்டபிறகு நான் படலை திறந்தால்தான்
பேர் போய்விடும்.

இடம் சுதர்சனுக்குப் போனது.
பக்கத்துக் கோட்டில் இருந்த பொடியன்,
இருபத்தாறு வயது.
நல்ல பிள்ளை. கடிதத்தைக் காட்டக் கூச்சப்பட்டான்.
இப்ப இரவு ஒன்பதுக்குப் போன் எடுக்கிறான்.
"அக்கா, வடக்கு எல்லையில அந்த வளைவு
எத்தனை பாகை?"
கறிச்சட்டியை இறக்கிவிட்டுச் சொல்லுவேன்.
விடியப் பார்த்தால் அந்த இலக்கம்
அவன் கையெழுத்தில் பலகையில் நிற்கும்.
எல்லாரும் அவனைச் சேர் என்கிறார்கள்.
நானும்தான்.

ஆனியில் அந்தக் காணியை ஒப்படைத்தோம்.
சொந்தக்காரர் சுதர்சனின் இரண்டு கையையும் பிடித்து
அழுதார்.
அவரின் மனிசி
என் காற்சட்டையின் முழங்காலையே பார்த்தா.
தேய்ந்து நூல் தெரிந்தது.
"நீங்களோ பிள்ளை கிண்டினது?"
"ஓம். கிணத்தடிப் பக்கம்."
அவ்வளவுதான் கதைத்தோம்.
அவ போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தா,
பிறகு திரும்பி என்னை.

இப்ப ஒட்டுசுட்டான் பக்கம் இன்னொரு இடம்.
மூன்று இரவு தங்கல்.
படிவத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன்.
மாமிக்கு ஒரு கட்டம் இல்லை.
தம்பிக்கு இல்லை.
சனத்துக்கு ஒரு வரிகூட விடவில்லை.
இரத்த வகை கேட்டிருந்தது.

எழுதிவிட்டேன்.
நாலாய் மடித்துச் சாப்பாட்டுப் பைக்குள்
தண்ணிப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.
வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

சந்தியில் வான் கோன் அடிக்கிறது.
அடுப்பில் புட்டு.
மகள் எழும்பி இறக்குவாள்,
இல்லாட்டி,
கை சுட்டாலும்,
யோகநாதன்.